வயலைப் பிடித்து வம்சத்தைத் தேடுதல்: குமரி மாவட்டத்து உழவர் தம்பதியின் குடும்ப வரலாற்றை எழுத ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் உழுது வாழ்ந்த பாட்டாவும் பாட்டியும் தங்களைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போனது அரிது. அவர்கள் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். நிழற்படம் இருந்தால் அது கடைசிக் காலத்தில் யாரோ எடுத்த ஒன்றாக இருக்கும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை இருக்கும். இதனால் அவர்களைப் பற்றி இனி ஒன்றும் கிடைக்காது என்று பேரப்பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தந்தையின் பெற்றோரைத் தேடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகு உறுதியாகச் சொல்ல முடிகிறது: உழவர்களைப் பற்றி அவர்கள் நிலம் எழுதி வைத்திருக்கிறது. ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் இரண்டு தலைமுறைக்குள் வழி அடைபட்டுவிடும். நிலத்தைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். 1850 முதல் அடிமைகளாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் அந்தப் படிவங்களில் உண்டு. 72 ஆண்டுகள் கழிந்ததும் அவை மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டத்தின்படி 160 ஏக்கர் வரை பெற்ற உழவர்கள், ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டதை மெய்ப்பித்துக் கொடுத்த கோப்புகளும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆகவே நெப்ராஸ்காவில் சோளம் விளைவித்த ஒரு தம்பதியை அவர்கள் பேரன் வீட்டில் இருந்தபடியே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். திருவிதாங்கூரிலும் 1875இல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. ஆனால் அச்சான தொகுதிகளில் தாலுகாவாரியாகத் தலைகளின் எண்ணிக்கை இருக்குமே தவிர, உங்கள் பாட்டாவின் பெயர் இருக்காது. அந்த வழிகாட்டிகளைப் பின்பற்றிச் சோர்ந்துபோனவர்கள் குற்றம் தங்களுடையது என்று எண்ண வேண்டாம். நம் பதிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம் வீடுதான். டிரங்குப் பெட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிய துணிப்பை, பத்தாயத்தின் அடித்தட்டு என்று ஓர் இடத்தையும் விடாமல் பாருங்கள். பிரமாணம் என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் நிலப்பத்திரங்கள், கரம் எனப்படும் நிலவரி கட்டிய ரசீதுகள், பழைய குடும்ப அட்டை, ஓலையிலோ காகிதத்திலோ எழுதிய ஜாதகம், கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுத்த சீட்டு ஆகிய அனைத்தும் வேண்டும். எதையும் அங்கேயே பிரித்துப் படிக்கத் தொடங்காமல், எந்தத் தாள் எந்தத் தாளோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாக மடித்து வைத்தவற்றுக்குள் பெரும்பாலும் ஒரு தொடர்பு இருக்கும். அதைக் கலைத்துவிட்டால் சொல்லித்தர ஆள் இல்லை.

அடுத்தது முதியவர்கள். அவர்களிடம் ஆண்டைக் கேட்பதில் பயன் குறைவு. எங்கள் குடும்பத்தில் எண்பத்தேழு வயதான பெரிய அத்தையிடம் அப்பா எந்த ஆண்டு பிறந்தார் என்று மூன்று முறை கேட்டும் விடை வரவில்லை. எந்த அறுப்புச் சமயம் என்று கேட்டதும் வந்தது: “வருஷம் எனக்குத் தெரியாது மக்கா. கும்பப்பூ அறுத்துக் களத்தில போட்டிருந்த நேரம் உனக்க அப்பன் பிறந்தான்னு அம்மை சொல்லுவா. ஈரக்கதிரு நாத்தம் எனக்கு இப்பவும் ஓர்மை உண்டு.” கும்பப்பூ அறுப்பு மாசி, பங்குனியில் வருவது, கன்னிப்பூ அறுப்பு புரட்டாசியை ஒட்டி வருவது. ஆக மாதம் கிடைத்துவிட்டது. ஆண்டை நெருங்க ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு கேட்க வேண்டும். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அரிசி கிடைக்காமல் மரச்சீனிக் கிழங்கைத் (மரவள்ளியை) தின்று கிடந்தது இரண்டாம் உலகப் போர்க் காலம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்டில். தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. “அதுக்கு முன்னாலயா, பின்னாலயா” என்று இவற்றில் இரண்டுக்கு நடுவே ஒரு நிகழ்ச்சியைப் பொருத்திவிட்டால் பிழை பெரிதும் குறைந்துவிடும். அவர்கள் சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நடைக்கு மாற்றி எழுதினால், பிற்பாடு பத்திரத்தில் வரும் ஒரு விளையின் (தோட்ட நிலத்தின்) பெயரையோ வீட்டுப்பெயரையோ அடையாளம் காண முடியாமல் போகும்.

கொல்லம் ஆண்டு

நமது நான்கு பழைய தாலுகாக்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை 1956 வரை திருவிதாங்கூரில் (1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சியில்) இருந்தவை. ஆகவே பழைய பத்திரம், ரசீது, ஜாதகம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியாகிய சிங்க மாதத்தில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி பாதி வரையான தேதி என்றால் 824ஐக் கூட்ட வேண்டும். மார்கழி பாதிக்கு மேல் ஆடி முடியும் வரை என்றால் 825ஐக் கூட்ட வேண்டும். கோயில் நுழைவுப் பிரகடனத்தின் தேதி 1112 துலாம் 27; துலாம் என்பது ஐப்பசி என்பதால் 824 கூட்டினால் 1936 வருகிறது. முதியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 கர்க்கடக மாதத்தில் வந்தது. அது ஆடி என்பதால் 825 கூட்டினால் 1924 வருகிறது. இந்தக் கணக்கில் தவறினால் ஓராண்டுதான் பிசகும் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அந்த ஓராண்டில் ஒரு பிள்ளை திருமணத்துக்கு முன் பிறந்ததாகப் பதிவாகிவிடும். பேச்சில் ஆயிரத்தையும் நூற்றையும் விட்டுவிடும் வழக்கம் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். “எழுபத்தஞ்சில பிறந்தவரு” என்று ஒருவரைக் குறித்து யாராவது சொன்னால் அது 1075, அதாவது 1899 அல்லது 1900.

பணக் கணக்கும் அப்படியே. பழைய பத்திரங்களில் சக்கரமும் பணமும் வரும். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நிலத்தின் அளவு சென்ட்டில் இல்லாமல் விதைப்பாடாக, இத்தனை கோட்டை அல்லது இத்தனை மரக்கால் விதைக்கும் நிலம் என்று எழுதப்பட்டிருக்கலாம். இதைச் சென்ட்டாக மாற்ற அவசரப்பட வேண்டாம்; பத்திரத்தில் உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தைப் படிப்பது

தேடலில் அதிகம் கிடைப்பதும், அதிகம் பேர் பாதியில் விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான். கையில் உள்ள புதிய பத்திரத்திலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். இன்றைய பட்டாவில் உள்ள புல எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்ட அலுவலகத்திலோ அதற்கு உரிய பழைய சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மறு அளவையில் எண்கள் மாறியிருக்கும் என்பதால், பழைய எண் தெரியாமல் பழைய பத்திரத்தைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். அது சில பத்தாண்டுகளுக்குத்தான் உதவும். அதற்கும் முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். அங்கே முதல் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களின்படியும், இரண்டாம் அட்டவணை நிலத்தின்படியும் அமைந்திருக்கும். இரண்டாவதையே கேளுங்கள். ஒரே பெயரில் ஒரு பகுதியில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே சர்வே எண்ணில் ஒரு நிலம்தான் இருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். உரிமை இல்லையென்று திருப்பி அனுப்பினால் பணிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரின் தந்தை பெயர், வீட்டுப்பெயர், வயது, தொழில் முதல் வரிகளில் வரும். அந்தச் சொத்து அவருக்கு எப்படி வந்தது என்பது அதையடுத்து முந்தைய பத்திரத்தின் எண்ணோடும் ஆண்டோடும் வரும். அதுவே உங்களுக்கு அடுத்த படி. சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் மைத்துனர்களாகவும் சித்தப்பன்மார்களாகவும் இருப்பார்கள். நான்கு எல்லைகளில் குறிப்பிடப்படும் பக்கத்து நிலக்காரர்கள் பெரும்பாலும் பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள்.

எங்கள் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. கிழக்கிலிருந்து வந்தவர் என்று மட்டும் சொல்வார்கள். பாட்டா கொல்லம் 1108இல் ஒற்றிக்குக் கொடுத்த ஒரு விளையின் பத்திர நகலில், சொத்து விவரத்துக்குக் கீழே, அந்த நிலத்தில் பதினான்கு சென்ட் தன் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டார் சீதனமாகக் கொடுத்தது என்றும், அதை நீக்கி மீதியைத்தான் ஒற்றி வைப்பதாகவும் ஒரே ஒரு வரி இருந்தது. கிழக்கு எல்லையில் நின்ற பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப்பெயர். அந்த வீட்டுப்பெயரைச் சொல்லி அந்தப் பகுதியில் விசாரித்தபோது, மூன்றாவது வீட்டில் பாட்டியின் தம்பி பேரன் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார். பெண் வெகு தொலைவிலிருந்து வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். அன்று அந்த விளையின் வரப்பில் நின்றபோது நான் அழுதுவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உழவர் தம்பதி என்று இருவரைச் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் பட்டாவில் ஒருவர் பெயர்தான் இருக்கும். மனைவியைத் தேட அவர் பிறந்த வீட்டின் பத்திரங்களுக்குச் செல்ல வேண்டும். சீதனப் பத்திரம், அவர் தந்தை இறந்த பின் எழுதிய பாகப்பத்திரம், உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் ஆகிய மூன்றில் ஒன்றில் அவர் பெயரும் பெருவிரல் ரேகையும் பெரும்பாலும் இருக்கும். அந்த ரேகையைப் பார்க்கும்போது, அவர் கை ஒருமுறையேனும் ஒரு காகிதத்தைத் தொட்டிருக்கிறது என்ற எண்ணம் தரும் நிறைவு பெரிது.

விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் பத்திரங்கள் பெரிதும் மலையாளத்தில் இருக்கும். கிழக்கே தமிழ் மிகும். மிகப் பழைய ஓலைகளில் வட்டெழுத்து, மலையாண்மை என்னும் பழைய எழுத்து முறைகள் வரும். இணையத்தில் எழுத்துரு மாற்றிகளை நம்புவதைவிட, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரிடம் சென்று அமர்வது நல்லது. எழுத்தோடு அந்தக் காலத்து வழக்கையும் அவர் சொல்லித் தருவார்.

மருமக்கள் வழிக் குடும்பங்கள்

நாஞ்சில் நாட்டு வேளாளர், நாயர் முதலியோர் குடும்பங்களைத் தேடுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். தந்தையின் நிலம் மகனுக்கு வராமல் தந்தையின் சகோதரி மக்களுக்குச் சென்ற காலம் அது. பத்திரத்தில் காரணவர் என்று மாமனின் பெயர் இருக்கும். அவரைப் பாட்டனாரின் தந்தை என்று எண்ணி மரத்தை வரைந்தால் ஒரு தலைமுறை முழுவதும் பிறழ்ந்துவிடும். மகன்களுக்குத் தந்தையின் சொத்தில் உகந்துடைமை என்ற சிறு பங்கு உண்டு. அந்தச் சொல் பத்திரத்தில் வந்தால் அது தந்தை–மகன் உறவுக்கான சான்றாகும். நாயர்களுக்கான சட்டம் கொல்லம் 1100ஆம் ஆண்டிலும் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் 1101ஆம் ஆண்டிலும், அதாவது 1925–26இல் வந்தன. அதையடுத்த ஆண்டுகளில் தாவழி தாவழியாக, அதாவது தாய்வழிக் கிளை கிளையாக, பாகம் பிரிந்த பத்திரங்களில் பங்கு பெற்ற ஆண், பெண், மைனர் அனைவரின் பெயரும் வரிசையாக இருக்கும். ஒரு குடும்பத்தின் முழுப் பட்டியல் ஒரே இடத்தில் கிடைப்பது இப்படிப்பட்ட பத்திரத்தில்தான். 1101க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளை வரி விடாமல் தேடுங்கள்.

நிலம் இல்லாதவர்கள்

உழுதவர் எல்லோரும் நிலம் உடையவர் அல்லர். பாட்டத்துக்கு (குத்தகைக்கு)ப் பயிரிட்டவர்களும் கூலிக்கு நாற்று நட்டவர்களும்தான் மிகுதி. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதே 1855இல். அதற்கு முந்தைய ஓலைகளில் உழைத்தவர்கள் நிலத்தோடு விற்கப்பட்ட பெயர்களாக வருவது உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் இத்தகைய அடிமை ஓலைகள் உள்ளன. தன் முன்னோரை அந்த நிலையில் காண நேர்பவருக்கு அது தாங்கமுடியாத வேதனை. ஆயினும் அந்தப் பெயரை எழுதாமல் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் குடும்பங்களுக்குப் பத்திரத்தைவிட மூன்று இடங்கள் கை கொடுக்கும்.

முதலாவது ஆலயப் பதிவேடு. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த பின் வளர்ந்த லண்டன் மிஷன் சபைகளிலும், கத்தோலிக்கப் பங்குகளிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் பழைய பெயரும் சில பதிவேடுகளில் இருக்கும். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரையும், ஓரத்தில் பின்னாளில் குறித்த திருமணச் செய்தியையும் பாருங்கள். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் அமைந்தது. அதிலிருந்து குழித்துறை 2014இல் பிரிந்தது. ஆனாலும் பதிவேடு பெரும்பாலும் அந்தந்தப் பங்கிலேயே இருக்கும். கிளைப் பங்கு தனியாகும் முன் தாய்ப்பங்கு எது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷன் ஊழியர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. அவற்றில் சாதாரண உழவரின் பெயர் அரிதாகவே வரும்.

இரண்டாவது கோயில் கொடையின் வரி நோட்டு. ஊர்க் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில், குடும்பத் தலைவர் பெயர் ஆண்டுதோறும் இருக்கும். ஒருவர் பெயருக்குப் பதிலாக மகன் பெயரோ, “இன்னார் மனைவி” என்றோ வரத் தொடங்கும் ஆண்டு, பெரும்பாலும் அவர் இறந்ததை அடுத்த கொடையாக இருக்கும். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குச் செல்லுங்கள். உங்களுக்கும் உரிய சாஸ்தாவைக் கும்பிட வேறு ஊர்களிலிருந்து வருபவர்கள் உங்கள் வம்சத்தின் மறந்துபோன கிளைகளாக இருக்கக்கூடும். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கேட்கும் கேள்விக்குத் திண்ணையில் கிடைக்காத விடை கிடைக்கும்.

மூன்றாவது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தந்தை பெயர், வீட்டுப்பெயர், ஊர் ஆகியவற்றுக்கு அதை நம்பலாம். பிறந்த தேதியை நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஆசிரியர் எழுதிக்கொண்ட தேதி அது.

பிறப்பு, இறப்புப் பதிவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தையவை ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கும். அதற்கு முந்தையவை கிடைத்தால் நல்லது.

பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலத்தைப் பயிரிட்ட குடும்பம் என்றால், 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிலங்கள் ரயத்துவாரியாக (பயிரிடுபவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு) மாற்றப்பட்டபோது யார் பயிரிட்டார் என்று நடந்த விசாரணையின் தாள்களைத் தேடுங்கள். 1956க்கு முந்தைய அரசுக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். பிந்தையவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பகுதி (அக்கால வருவாய்க் கிராமம்), தாலுகா, சர்வே எண், கொல்லம் ஆண்டு நான்கும் கையில் இல்லாமல் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏற வேண்டாம்.

கிடைத்தவற்றை எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்துவிடுங்கள்: பத்திரம், பதிவேடு, அத்தை சொன்னது, நான் ஊகித்தது என்று. ஊகத்தை ஊகம் என்று எழுத வெட்கப்பட வேண்டாம். இரண்டாம் திருமணம், விட்டுப் பிரிந்த உறவு, மதம் மாறியதால் முறிந்த கிளை ஆகியவை வரும்போது, உயிரோடு இருப்பவர்களிடம் கேட்ட பிறகே மற்றவர்களுக்குக் காட்டுங்கள். நில எண்களையும் ரேகைகளையும் இணையத்தில் போடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்து கிளைகள். எழுதியதை ஐந்து நகல் எடுத்துக் கிளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு ஆறாவது நகல் போயிருக்கிறது. பாட்டியின் தாயார் பெயர் அதில் இன்னும் வெற்றிடமாக இருப்பதால், வரும் பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் இரு வீட்டாரும் சேர்ந்து சாஸ்தா கோயிலுக்குச் செல்கிறோம்.